வீட்டை விட்டுச் செல்லும் பிள்ளையின் உணவு

தெமட்டகொடைப் புகையிரத நிலையத்தின் மேடையிலே காலை வேளையில் நிற்போர், கோட்டையிலிருந்து புறப்பட்ட நெடுந்தூர வண்டிகள் அங்கே நில்லாது விரைந்து செல்வதைக் காண்பர். கண்டிக்குச் செல்லும் வண்டியும், யாழ்ப்பாணத்திற்குச் செல்லும் வண்டியும், மட்டக்களப்பிற்குச் செல்லும் வண்டியும் அந்தத் தண்டவாளங்களின் வழியாகவே செல்லுகின்றன. பல்கலைக்கழகங்கள் புதிய மாணாக்கரை ஏற்கும் காலத்தில், அவ்வண்டிகளில் பெரிய பயணப் பெட்டியோடும், புதிதாக வாங்கிய வாளியோடும், பாயோடும் தலையணையோடும் அமர்ந்திருக்கும் இளைஞரையும் யுவதியரையும் காணலாம். ஒருவர் பேராதனைக்குச் செல்கிறார், ஒருவர் திருநெல்வேலிக்கு, இன்னொருவர் வந்தாறுமூலைக்கு. அவர்களுட் சிலர், வண்டி நில்லாது கடக்கும் இதே தெமட்டகொடையின் தோட்டத்து வீடுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள்.

அவர்களுடைய பெட்டியைத் திறந்து பார்த்தால், வீட்டார் எதனையும் மறக்கவில்லை என்பது புலனாகும். போர்வை இருக்கும், பால்மா இருக்கும், போத்தலில் அடைத்த சீனிச் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் இருக்கும், காய்ச்சலுக்கு மாத்திரையும் தலைவலிக்குத் தைலமும் இருக்கும். ஆனால் பெட்டியில் வைத்து அனுப்ப இயலாத ஒன்று வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. அஃது உணவின் ஒழுங்கு. பத்தொன்பது இருபது ஆண்டுகளாக அந்தப் பிள்ளை இன்ன வேளையில் உண்ணவேண்டும், இவ்வளவு உண்ணவேண்டும், இன்னதை உண்ணவேண்டும் என்பதனை வேறொருவரே பார்த்து வந்தார். பெரும்பாலான இல்லங்களில் அவர் தாயார். சில இல்லங்களில் பாட்டியார் அல்லது மூத்த சகோதரி. அன்று இரவு முதல் அந்தப் பொறுப்பு பிள்ளையின் தலைமேல் விழுகின்றது. அப்படி ஒரு பொறுப்பு வந்துவிட்டது என்பதனைப் பிள்ளையும் அறியாது, வீட்டாரும் அறியார்.

சில மாதங்கள் கழித்து விடுமுறைக்கு வரும்போது, காற்சட்டை இடுப்பிலே இறுகியிருக்கும். சட்டைப் பொத்தான் இழுபடும். "விடுதிச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொண்டு விட்டது" என்று அயலார் மகிழ்வர். சிலர் கேலி செய்வர். மகிழ்ச்சியும் கேலியும் ஆகிய இரண்டுமே இவ்விடத்திற் பொருத்தமானவை அல்ல. நிகழ்ந்தது யாது, அஃது ஏன் நிகழ்ந்தது, அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை அமைதியாக ஆராய்வதே பயன் தரும்.

இவ்விடயம் பெரிதும் பேசப்பட்ட நாடு அமெரிக்கா. கல்லூரியின் முதலாண்டில் மாணாக்கர் 15 இறாத்தல் எடை கூடுவர் என்பது அங்கே ஒரு பழமொழி போலவே வழங்கிவருகின்றது. 15 இறாத்தல் என்பது ஏறத்தாழ 6.8 கிலோகிராம். 1989ஆம் ஆண்டில் இளம்பெண்களுக்கான சஞ்சிகை ஒன்று இந்தத் தொடரைத் தன் அட்டையிலேயே அச்சிட்டது. அதன்பின் அது நாடெங்கும் பரவிற்று. எனினும் பரவிய செய்தி வேறு, அளந்து கண்ட உண்மை வேறு. 2011ஆம் ஆண்டில் அங்கு வெளியான ஓர் ஆய்வு, முதலாண்டு மாணாக்கரின் சராசரி எடைக் கூடுதல் இரண்டரை முதல் மூன்றரை இறாத்தல் வரையே என்று காட்டிற்று. 15 இறாத்தலோ அதற்கு மேலோ கூடியவர்கள் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. அதே வயதில் கல்லூரிக்குச் செல்லாது தொழிலுக்குச் சென்ற இளைஞரும் ஏறத்தாழ அதே அளவு கூடியிருந்தனர் என்பதும் அவ்வாய்விலே தெரியவந்தது.

2015ஆம் ஆண்டில், பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரிக் கூடுதல் 1.36 கிலோகிராம் என்று கண்டனர். ஆனால் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி அது. மாணாக்கருள் நூற்றுக்கு 61 பேர் வரையில் எடை கூடியிருந்தனர். கூடியவர்களை மட்டும் தனியே எடுத்து நோக்கின், ஒருவருக்குச் சராசரி 3.38 கிலோகிராம். ஆகவே 15 இறாத்தல் என்ற அச்சம் மிகைப்பட்டது. ஒன்றும் நிகழ்வதில்லை என்ற அலட்சியமும் தவறானது. கல்லூரிக் கட்டடம் எவரையும் பருக்கச் செய்வதில்லை. வீட்டின் ஒழுங்கிலிருந்து விலகித் தன் ஒழுங்கைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டிய வயதிலேதான் இம்மாற்றம் நிகழ்கின்றது.

மூன்று கிலோகிராம் ஒரு பெரிய காரியமா என்று நேயர்களுட் சிலர் வினவக்கூடும். ஐரோப்பியர் ஒருவருக்கு அது சிறிய காரியமாக இருக்கலாம். தென்னாசியர் ஒருவருக்கு அவ்வளவு சிறியதன்று. இதனை விளக்குதற்கு மருத்துவ உலகில் நன்கறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவின் பூனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யட்கின் ஆகிய இருவரும் தம்மையே அளந்து, 2004ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழிலே தம் படத்துடன் வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் உடற்றிணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது, இலண்டன் மருத்துவருக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், பூனே மருத்துவருக்கு நூற்றுக்கு 21.2 பங்கும் இருந்தன. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்களே. தராசிலே சமமாக நின்ற இருவருள், நம் நாட்டவரை ஒத்தவரின் உடலில் இருமடங்கிற்கும் மேலான கொழுப்பு ஒளிந்திருந்தது.

இக்காரணத்தினாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, பொதுவாக 25 எனக் கொள்ளப்படும் எச்சரிக்கை எல்லைக்குப் பதிலாக, ஆசிய மக்கள் 23 என்ற இடத்திலேயே விழிப்படைய வேண்டும் என 2004ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. கணக்கிடுவது எளிது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர், ஏறத்தாழ 47 கிலோகிராமுக்கும் 59 கிலோகிராமுக்கும் இடையில் இருப்பது நன்று. 57 கிலோகிராமுடன் பல்கலைக்கழகம் புகுந்த ஒருவர் மூன்று கிலோகிராம் கூடினால், அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார். தராசு இல்லாதவர் ஓர் அளவு நாடாவினால் வயிற்றைச் சுற்றி அளக்கலாம். தென்னாசிய ஆடவருக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிருக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாகும்.

எல்லையைக் கடப்பதனால் நேரும் தீங்கு யாதென்பதைக் கொழும்பிலுள்ள குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நீரிழிவு மாத்திரை உண்ணாத ஒருவர்கூட இல்லாத இல்லங்கள் இந்நகரில் அருகிவருகின்றன. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய நிலையில் ஆராய்ந்தபோதே, இலங்கையில் வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. தந்தைக்கோ தாய்க்கோ அந்நோய் இருப்பின், பிள்ளைக்கும் அதற்கான வாய்ப்பு மிகுதி. இருபது வயதிலே இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, முப்பது வயதிலே அந்நோயாக வெளிப்படக்கூடும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளை, குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் வயதிலேயே நோயாளியாவது அந்தக் குடும்பத்திற்குப் பெரிய இழப்பன்றோ?

இனி, இது நிகழும் முறையை நோக்கலாம். நம் நாட்டில் இதன் தொடக்கம் பல்கலைக்கழகத்தில் அன்று, அதற்கும் முன்னரேயாகும். க.பொ.த. உயர்தர வகுப்பை அடைந்த பிள்ளை, காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, வார இறுதியில் மீண்டும் தனியார் வகுப்பு என இரண்டு ஆண்டுகளை வாங்கிலே அமர்ந்து கழிக்கின்றது. விளையாட்டு மைதானம் மறந்துபோகின்றது. பரீட்சை முடிந்தபின், பெறுபேறு வெளிவந்து, வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை நெடுங்காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. அக்காலத்திற் பலர் பகலில் உறங்கி, இரவிலே கைத்தொலைபேசியுடன் விழித்திருக்கப் பழகுகின்றனர். ஆகவே வண்டியேறும் நாளிலேயே உடல் ஓரளவு தளர்ந்திருக்கின்றது.

பின்னர் முதலாண்டு தொடங்குகின்றது. எடுத்துக்காட்டாக ஒரு மாணவனின் நாளை எண்ணிப் பார்க்கலாம். அவன் தெமட்டகொடையிலேயே தங்கி, கொழும்புப் பல்கலைக்கழகத்திற்குப் பஸ்ஸிற் செல்பவனாக இருக்கட்டும்; அல்லது தொலைவிலுள்ள விடுதியிலே தங்கியிருப்பவனாக இருக்கட்டும். நாள் பெரும்பாலும் ஒன்றுதான். எட்டு மணி விரிவுரைக்கு நேரமாகிவிடுவதால் காலையுணவு இல்லை. பத்து மணிக்குப் பசி பொறுக்காது. சிற்றுண்டிச்சாலையில் ஒரு பணிஸும், சீனி மிகுந்த தேநீரும். பகலில் ஒரு சோற்றுப் பார்சல். அதில் சோறு மலைபோல், மரக்கறி மருந்துபோல். நான்கு மணிக்கு மீண்டும் தேநீர். அதனுடன் இரண்டு ரோல்ஸ். இரவில் நண்பர் குழாத்தோடு கொத்துரொட்டி. நள்ளிரவில் படிக்கும்போது மீண்டும் பசி. வெந்நீரூற்றிய நூடில்ஸும் இன்னொரு கோப்பைத் தேநீரும். இவற்றுள் எந்த ஒன்றும் தனியே நோக்கின் பெருந்தவறன்று. பெருந்தீனி தின்றோம் என்ற எண்ணமும் அவனுக்கு இராது. வேளை தவறிய பசி, கையிற் கிடைத்ததை உண்ணச் செய்கின்றது. நாளடைவில் அதுவே பழக்கமாகின்றது.

தேநீரை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிடலாம். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்பது நம் கடைகளில் வியப்புக்குரிய அளவன்று. நாளுக்கு ஐந்து கோப்பையாயின் 15 தேக்கரண்டி. மட்டமாக அள்ளிய தேக்கரண்டி ஒன்றிலே ஏறத்தாழ 4 கிராம் சீனி உண்டு. ஆகவே 60 கிராம். அதன் சக்தி 240 கலோரி; ஒரு கோப்பைச் சோறு தருவதிலும் சற்று மிகுதி. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி, எல்லாவற்றிலும் கூடி 50 கிராமுக்கு மேற்படலாகாது என்றும், 25 கிராமுக்குள் அடங்கின் மிக நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வழிகாட்டியது. அந்த மாணவனோ, பணிஸையும் இனிப்புப் பானத்தையும் கணக்கிற் கொள்ளாமலே, தேநீரினால் மட்டும் அவ்வெல்லையைக் கடந்துவிட்டான்.

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிச் சக்தியைச் சேமித்து வைத்துள்ளது. மூன்று கிலோகிராமுக்கு 23,100. அதனை ஆண்டின் 365 நாட்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 63 கலோரி. அதாவது நான்கு தேக்கரண்டி சீனி. உடல் இயங்கும் முறை இந்தக் கணக்கைப்போல அவ்வளவு நேரானதன்று. எடை கூடக்கூட உடலின் செலவும் சிறிது கூடும். எனினும், மிகச் சிறிய மிகுதியே ஆண்டு முழுவதும் தொடரும்போது எவ்வளவாகின்றது என்பதை உணர இக்கணக்கு போதும். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. சிறிதாகச் சேர்ந்ததைச் சிறிதாகவே தவிர்க்கலாம். கோப்பை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி குறைத்தாலே, ஐந்து கோப்பையில் ஐந்து தேக்கரண்டி குறைந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கும் அதற்குப் பழகிவிடும்.

போத்தலில் விற்கப்படும் பானங்களைப் பொறுத்தவரை, அரசாங்கம் 2016ஆம் ஆண்டிலேயே ஓர் உதவி செய்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 முதல் 11 வரையாயின் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை என்று போத்தலிலே நிற அடையாளம் இடவேண்டும் எனச் சட்டம் விதித்தது. சிவப்பு அடையாளமிட்ட 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றைக் குடிப்பவர், 11 தேக்கரண்டிச் சீனிக்குக் குறையாமற் குடிக்கிறார். வீதிச் சமிக்ஞையில் சிவப்பைக் கண்டு நிற்பவர் கடையிலும் ஒரு கணம் நின்று யோசிக்கலாம்.

உணவுக்கு அடுத்தபடி உறக்கத்தைக் கூறவேண்டும். உறங்காமையும் உடல் பருத்தலும் தொடர்புடையவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கச் செய்தனர். வேறு இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் உறங்க விட்டனர். உறக்கம் குறைந்தபோது பசியைத் தூண்டும் சுரப்பு இரத்தத்தில் மிகுந்தது. போதும் என்னும் நிறைவைத் தரும் சுரப்புக் குறைந்தது. அவர்கள் உணர்ந்த பசி நூற்றுக்கு 24 பங்கு கூடிற்று. இனிப்பையும் மாப்பண்டங்களையுமே அவர்கள் மனம் மிகுதியும் நாடிற்று. பரீட்சைக் காலத்தில் விடிய விடிய விழித்திருக்கும் மாணவி நள்ளிரவில் பிஸ்கட் பெட்டியைத் தேடுவது மனவலிமை இன்மையால் அன்று. உறக்கம் இழந்த உடல் அவ்வாறு கேட்கின்றது. இரவிலே படித்தே தீரவேண்டுமெனின், அதற்கு முன்னர் நேரத்தோடு இரவுணவை முடித்துக்கொள்வதும், பதினொரு மணிக்குமேல் அறையிலே தண்ணீரை மட்டும் வைத்திருப்பதும் நன்று.

அடுத்துப் பணத்தைப் பற்றி ஒரு சொல். பருமன் செல்வத்தின் அடையாளம் என்று கருதிய காலம் போய்விட்டது. இன்று மலிவாக வயிற்றை நிரப்பக்கூடியவை கோதுமை மாவும், எண்ணெயும், சீனியும் ஆகும். மீனும் மரக்கறியும் பழமும் விலை ஏறியவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இவ்வேறுபாட்டை மாணாக்கர் தம் கையிலேயே உணர்ந்தனர். மகாபொல உதவிப் பணத்தைக் கொண்டு மாதத்தை ஓட்டவேண்டிய பிள்ளையிடம், விலையுயர்ந்த பழங்களை உண் என்று உபதேசிப்பது பொருளற்ற பேச்சு. அதே செலவுக்குள் செய்யக்கூடியவற்றையே சொல்லவேண்டும்.

அத்தகையவை பல உள. காலையில் அவித்த கடலையோ பயறோ ஒரு கோப்பை உண்டவர் பத்து மணிக்குப் பணிஸைத் தேடமாட்டார். அவித்த முட்டை ஒன்று இரண்டு ரோல்ஸிலும் மேலானது. பசியை நெடுநேரம் தாங்கும். பாண் உண்பவர், சீனிச் சம்பலுக்குப் பதிலாகப் பருப்புக்கறியுடன் உண்ணலாம். நெத்தலிக் கருவாடு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை என்பன நம் ஏழை இல்லங்கள் நெடுங்காலமாக அறிந்த உணவுகள். பகலிலே சோற்றுப் பார்சலை இருவர் பகிர்ந்துண்ணும் நல்ல வழக்கம் நம் மாணாக்கரிடையே உண்டு. அவ்வாறு பகிர்ந்து, மிஞ்சிய பணத்தில் ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்த்துக்கொண்டால், செலவும் கூடாது, எடையும் கூடாது, நட்பும் வளரும்.

நடையும் செலவற்றது. விடுதியில் இருப்போர் விரிவுரை மண்டபத்திற்கு நடந்தே செல்லலாம்; பேராதனையின் மேடுபள்ளமான வீதிகள் அதற்கென்றே அமைந்தவைபோல் உள்ளன. வீட்டிலிருந்து செல்வோர் ஒன்றிரண்டு தரிப்புகளுக்கு முன்னரே பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் சுதந்திர சதுக்கமும், தெமட்டகொடைக்கு அண்மையில் பொறளைக் கேம்பல் மைதானமும் உள்ளன. அடுக்குமாடியில் வாழ்வோருக்குப் படிக்கட்டே போதும். வாரத்தில் 150 நிமிடங்களாவது உடல் சற்று வியர்க்கும்படி இயங்கவேண்டும் என்பது மருத்துவர் கூற்று. நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவேறும்.

முன்னொரு காலத்தில் விடுதி வாழ்க்கையே இந்த ஒழுங்கைத் தந்தது. 1942ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952ஆம் ஆண்டில் பேராதனைக்குப் பெயர்ந்தது. மாணாக்கர் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாக வாழ்ந்து கற்கவேண்டும் என்பது அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் நோக்கம். இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என்றெல்லாம் பெயர் பெற்ற விடுதிகளிலேயே, குறித்த வேளைகளில் உணவு பரிமாறப்பட்டது. மணியொலித்தால் உணவு, உணவு முடிந்தால் படிப்பு. இன்று மாணாக்கர் தொகை பன்மடங்காகப் பெருகிவிட்டது. அந்த ஏற்பாடு மீண்டும் வருதல் அரிது. ஆயினும் நண்பர் நால்வர் கூடி, "நாம் ஏழரை மணிக்கு இரவுணவு உண்போம்" என்று தமக்குள் ஒரு நேரம் குறித்துக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. திருவள்ளுவர் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தில் மருந்து எதன் பெயரையும் கூறவில்லை. முன்னர் உண்டது செரித்த பின்னர் அளவறிந்து உண்ணும் நெறியையே திரும்பத் திரும்பக் கூறினார். நண்பர் நால்வரின் ஏழரை மணி அந்நெறியின்பாற்பட்டதே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். உடல் பருப்பதற்கு அஞ்சி உணவையே விலக்குவது மற்றொரு தவறு. பருமனிலும் பெரிய தவறாகவும் முடியலாம். சிறப்பாகப் பெண் பிள்ளைகள், விடுமுறைக்கு வந்த இடத்தில் உறவினர் ஒருவர் உதிர்த்த ஒரு சொல்லைக் கேட்டு, இரவுணவை முற்றாக நிறுத்திவிடுகின்றனர். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் வயதில் இரும்புச்சத்தும் புரதமும் குறைந்தால், சோர்வும் தலைச்சுற்றலும் மறதியுமே மிஞ்சும், படிப்பும் கெடும். பட்டினி கிடந்தவர் மூன்றாம் நாள் இருமடங்கு உண்பதும் உலகறிந்தது. அஃதன்றி, பல்கலைக்கழகம் சென்றபின் எடை குறைந்து வாடுவோரும் பலர் உளர். கையில் காசில்லாது ஒரு வேளை உணவோடு நாளைக் கடத்தும் பிள்ளைக்குக் குறைத்து உண்ணும்படி கூறுதல் கொடுமை. அப்பிள்ளைக்கு வேண்டியது உணவு. ஆகவே எவரையும் அவர் உடலைக் கொண்டு கேலி செய்யாதிருப்பதும், அருகிலிருப்பவர் உண்டாரா என்று கேட்டறிவதும் மாணாக்கர் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய முதற் கடமை. காரணமின்றி விரைந்து எடை கூடினாலோ குறைந்தாலோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்தை நாடவேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது யாது? அனுமதிக் கடிதத்திற்காகக் காத்திருக்கும் அந்த நீண்ட மாதங்கள் அவர்கள் கையில் உள்ளன. அக்காலத்திலே பிள்ளைக்குச் சமைக்கக் கற்பிக்கலாம். அரிசியை அளந்து போட்டுச் சோறாக்குதல், பருப்புக்கறி வைத்தல், கீரையை வறையாக்குதல், முட்டையோ மீனோ சமைத்தல், ஒரு சம்பல் அரைத்தல் ஆகிய ஐந்தும் அறிந்த பிள்ளை எந்த ஊரிலும் பசியிராது. எந்தக் கடைக்கும் அடிமையாகாது. விடுதியறையிற் சமைக்க அனுமதி இல்லாவிட்டாலும் கல்வி வீண்போகாது. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி வேண்டும், ஒரு கறிக்கு எவ்வளவு எண்ணெய் போதும் என்பதைக் கையால் அறிந்தவர், கடைப் பார்சலைத் திறந்தவுடன் அதில் மிகுந்தது எது, குறைந்தது எது என்பதைக் கண்ணால் அறிவார்.

இதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு கூடாது. நம் இல்லங்களிற் பெரும்பாலும் மகளுக்கு அடுப்படி தெரியும், மகனுக்குத் தெரியாது. தட்டு முன்னால் வரும். உண்டபின் எழுந்து போவான். அவ்வாறு வளர்ந்த மகனே, வீட்டைவிட்டு நீங்கியதும் மூன்று வேளையும் கடையை நம்பி நிற்கிறான். இயந்திரவியலும் மருத்துவமும் கற்கப் போகும் அறிவுக்கு ஒரு பருப்புக்கறி எட்டாத வித்தையன்று. தாயார் ஒருவர் வேலை முடித்து வரும் மாலையில், பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் மகன் சோற்றை ஆக்கி வைத்திருப்பானாயின், அது தாய்க்கும் இளைப்பாறுதல், அவனுக்கும் ஆயத்தம்.

விடுமுறைக்கு வரும் நாளிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். வாசலிலே பிள்ளையைக் கண்டவுடன் "நல்லாய்க் கொழுத்துப் போனாய்" என்றோ, "நல்லாய் மெலிந்து போனாய்" என்றோ கூறுவது நம்மவர் வழக்கம். இரண்டுமே பிள்ளையின் மனத்தில் தைக்கும். மெலிந்து போனாய் என்ற சொல்லுக்குப் பின்னால், மறுக்க மறுக்க மூன்று முறை சோறு இடுதலும் வரும். அதற்குப் பதிலாக, "அங்கே காலையில் என்ன சாப்பிடுகிறாய், பிள்ளை? எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?" என்று கேட்கலாம். அந்த இரண்டு வினாக்களுக்கும் பிள்ளை சொல்லும் விடையிலே, கேட்பவர் அறியவேண்டியவை அனைத்தும் அடங்கியிருக்கும். தொலைபேசியிற் பேசும்போதும் "படித்தாயா?" என்ற கேள்விக்கு முன்னர் அவற்றைக் கேட்கலாம்.

ஆண்டுதோறும் தெமட்டகொடையைக் கடந்து செல்லும் வண்டிகளில் புதிய பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருப்பர். தாயார் கட்டிக் கொடுத்த முதல் நாட் பார்சல், வண்டி பொல்காவலையை அடையுமுன்னரே தீர்ந்துவிடலாம். போத்தலிலுள்ள சம்பல் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். குறித்த வேளையில் உண்ணும் பழக்கமும், அரைச் சீனித் தேநீரும், நாளுக்கு அரை மணி நடையும், ஐந்து கறி சமைக்கும் கைத்திறனும் பெட்டியில் இடத்தை அடைப்பதில்லை. அவற்றை இப்போதே பழக்கி அனுப்பும் இல்லத்தார், நான்கு ஆண்டுகள் கழித்து, பட்டத்தோடு நல்ல உடலையும் சுமந்து வரும் பிள்ளையை அதே நிலையத்திலே வரவேற்பர்.